ஒருங்கிணைந்த ஏவுகணை மேம்பாட்டுத் திட்டமும் புள்ளலூரும்

ஒருங்கிணைந்த ஏவுகணை மேம்பாட்டுத் திட்டம், 1983 முதல் 2008 வரை பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம் நடத்திய ஆயுதத் திட்டம். இராமேசுவரத்தில் பிறந்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் அதன் தொடக்ககாலத் தலைவர்.

இந்த வரலாற்றின் முன்கதை காஞ்சிபுரம் மாவட்டத்துப் புள்ளலூரில் இருக்கிறது. 1780 செப்டம்பர் 10 அன்று, காஞ்சிபுரத்திலிருந்த ஆங்கிலேயத் தளபதி மன்றோவின் படையோடு சேர வந்த கர்னல் பெய்லியின் படையை மைசூரின் ஐதர் அலியும் அவர் மகன் திப்புவும் இங்கே முறியடித்தனர். ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்ததற்கு மைசூர் ராக்கெட்டே காரணம் என்று பெரும்பாலோர் சொல்வர். பீரங்கிக் குண்டு என்போரும் உண்டு. பெய்லி சிறைப்பட்டு, சீரங்கப்பட்டணத்தில் 1782-இல் இறந்தார்.

மருந்தை இரும்புக் குழாயில் அடைத்ததே மைசூர் ராக்கெட்டின் பலம். காகிதக் குழாய் தாங்காத அழுத்தத்தை இரும்பு தாங்கியதால் அது வெகுதூரம் சென்றது. 1799-இல் திப்பு வீழ்ந்ததும் இந்தத் தொழில் அறுந்தது. கைப்பற்றிய ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குப் போயின. அங்கே வில்லியம் காங்கிரீவ் அவற்றைப் பின்பற்றிப் புதியன செய்தார். அமெரிக்காவின் வாலப்ஸ் தீவு ராக்கெட் தளத்தில் திப்புவின் படை ராக்கெட் ஏவும் ஓவியத்தைக் கண்டதைக் கலாம் தம் தன்வரலாறான 'அக்னிச் சிறகுகள்' நூலில் பெருமிதத்தோடு எழுதியுள்ளார்.

எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் 1979-இல் தோற்று, 1980-இல் வென்றபோது அதன் திட்ட இயக்குநர் கலாம். 1982-இல் ஐதராபாத் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு ஆய்வகத்தின் பொறுப்பேற்றார். ஏவுகணைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய அவரும் பாதுகாப்பு அமைச்சரின் அறிவியல் ஆலோசகர் வி. எஸ். அருணாசலமும் திட்டமிட்டிருந்தனர். எல்லாவற்றையும் ஒருசேரத் தொடங்கச் சொன்னவர் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஆர். வெங்கட்ராமன். பிருத்வி, திரிசூல், ஆகாஷ், நாக், அக்னி ஆகிய ஐந்துக்கும் சேர்த்து ரூ.388 கோடி ஒதுக்கப்பட்டது.

கையிலிருந்ததை வீணாக்காததே கலாம் தலைமையின் சிறப்பு. கைவிடப்பட்ட 'டெவில்' திட்டத்தின் திரவ எரிபொருள் எஞ்சின் அனுபவம் பிருத்விக்கு உதவியது. எஸ்.எல்.வி.-3-இன் முதல் கட்டமே அக்னியின் முதல் கட்டமானது. ஆய்வுக்கூடத்துக்கு வெளியேயும் வேலை பிரித்துத் தரப்பட்டது: நாகின் சமிக்ஞைச் செயலாக்கம் உஸ்மானியா பல்கலைக்கழகத்துக்கு, ஆகாஷின் மென்பொருள் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு, அக்னி வளிமண்டலத்துக்குள் மீளும் அமைப்பின் வடிவமைப்பில் சென்னை ஐ.ஐ.டி.க்கும் பங்கு. மைசூரில் அரசனோடு முடிந்த திறன், இங்கே பல கைகளில் தங்கியது. 1987-இல் ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாடு வந்து, வெளிநாட்டுப் பாகங்கள் கிடைப்பது அரிதானபோது இதன் அருமை தெரிந்தது.

பிருத்வி 1988 பிப்ரவரி 25-இல் பறந்தது. அக்னியின் ஏவுதல் 1989-இல் இருமுறை தள்ளிப்போய், மே 22-இல் சந்திப்பூரில் வெற்றி கண்டது. அந்த ஒரு நாளின் புகழை மட்டும் வைத்து இத்திட்டத்தை எடைபோடுவது முறையல்ல. ஐந்தையும் ஒருசேர இழுத்ததில் சில வெகுவாகப் பின்தங்கின. திரிசூலுக்குக் காத்திருந்த கடற்படை இஸ்ரேலின் பராக் ஏவுகணையை வாங்கியது; திரிசூல் படையில் சேரவேயில்லை. ஐதராபாத் பாரத் டைனமிக்ஸ் தயாரித்த ஆகாஷ் 2015-இல்தான் தரைப்படைக்கு வந்தது. நாகின் இறுதிக்கட்டப் படைச் சோதனை 2020-இல் நடந்தது.