நிலவரி ஆவணங்கள்: பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறம்

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழ்நாட்டை ஒட்டிக் கிடக்கும் சித்தூர், அட்டப்பாடி, தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு முதலிய பகுதிகளில் நிலத்துக்கும் கட்டடத்துக்கும் வரி தண்டுவதற்காக எழுதப்பட்ட பதிவேடுகள், ரசீதுகள், அளவைப் படங்கள் ஆகியவற்றை இக்கட்டுரை குறிக்கிறது. இரு மாவட்டங்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆனால் இரண்டிலும் தமிழர் நிறைய வாழ்கிறார்கள். மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிலம் வைத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. 1949க்கு முன் இப்பகுதிகள் மூன்று அரசுகளின் கீழ் இருந்தன. பாலக்காடும் அட்டப்பாடியும் மதராஸ் மாகாணத்து மலபார் மாவட்டம். சித்தூர் கொச்சி அரசு. இடுக்கி மலைகள் திருவிதாங்கூர். மூன்றுக்கும் வரிமுறை வேறு, ஊர்க்கணக்கு வேறு, ஆண்டுக் கணக்கும் ஒன்றல்ல. ஆவணம் தேடுபவரின் முதல் சிக்கல் அதுதான்.

சொற்கள்

தமிழ்நாட்டிலிருந்து வருபவரை ஏமாற்றுவது தெரியாத சொற்கள் அல்ல, தெரிந்த சொற்கள். போக்குவரவு என்றால் இங்கே பஸ் அல்ல. வரிக்கணக்கில் ஒருவர் பெயர் போய் இன்னொருவர் பெயர் வருவது, அதாவது பெயர் மாற்றம். ஆதாரம் என்பது கிரயப் பத்திரம். கரம் என்பது வரி; கரம் அடைத்த ரசீது என்றால் தீர்வை கட்டிய ரசீது. தண்டப்பேர் என்பது தண்டமாய்ப் போன பேர் அல்ல, வரி தண்டும்போது கட்டப் பொறுப்பான பேர்: ஒரு வில்லேஜில் ஒருவருக்குள்ள நிலம் முழுவதும் ஒரு தண்டப்பேர் எண்ணின் கீழ் வரும்.

எல்லாவற்றையும்விடக் குழப்புவது பட்டா. தேனியிலோ பொள்ளாச்சியிலோ பட்டா என்பது வரி கட்டும் ஒவ்வொரு நில உடைமையாளருக்கும் உள்ளது. கேரளத்தில் பட்டயம் என்பது, பெரும்பாலும், அரசு நிலத்தைப் பதித்துக் கொடுத்ததற்கோ நிலச்சீர்திருத்தத்தில் குடியானவருக்கு உரிமை வந்ததற்கோ அத்தாட்சி. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த நிலத்துக்கு ஆதாரமும் கரம் ரசீதும் இருக்கும். பட்டயம் இருக்க வேண்டியதில்லை. "பட்டா இருக்கா?" என்று கம்பத்தில் கேட்பதும் குமுளியில் கேட்பதும் ஒரே கேள்வி அல்ல.

மலபார்ப் பகுதி

ஹைதர் அலியின் 1766ஆம் ஆண்டுப் படையெடுப்புக்குப் பின்பே இப்பகுதியில் நிலவரி முறையாக எழுதப்பட்டதாகப் பொதுவாகக் கூறுவர். 1792 உடன்படிக்கையால் மலபார் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1800இல் பம்பாய் மாகாணத்திலிருந்து மதராஸுக்கு மாறியது. கலெக்டர் மேஜர் மெக்லியோட் வரியைத் திடீரென உயர்த்தியபோது கிளர்ச்சி மூண்டு, 1803இல் அவர் பதவி விலக நேர்ந்தது. 1805 ஜூலை அறிவிப்பு ஒரு விகிதத்தை வகுத்தது: நன்செயில் விதை, சாகுபடிச் செலவு, குடியானவர் பங்கு எல்லாம் போக மிஞ்சும் பாட்டத்தில் பத்தில் ஆறு சர்க்காருக்கு, நான்கு ஜன்மிக்கு, அதாவது பரம்பரை நிலச்சொந்தக்காரருக்கு. இதற்காக எடுத்த பைமாஷ் (நில அளவை) கணக்கு நிலம் வைத்திருந்தவர்களே சொன்னதை வைத்து எழுதப்பட்டதால், அதன் நம்பகம் பற்றி அப்போதே ஐயம் இருந்தது. வரி கட்டுபவர் ஒருவர், ஜன்மி வேறொருவர் என்பதே மலபாரின் வழக்கம். ஜன்மியின் பெயரையும் பதிவேட்டில் ஏற்ற மலபார் நிலப்பதிவுச் சட்டம் என்றே தனியாக ஒரு சட்டம் (1896இன் 3ஆம் சட்டம்) தேவைப்பட்டது.

ஊரை இங்கே அம்சம் என்றும், அதன் தலைவரை அதிகாரி என்றும் அழைத்தனர். அட்டப்பாடியின் மலைநிலம் சில ஜன்மிக் குடும்பங்களின் பெயரில் எழுதப்பட்டிருந்தது. அங்கேயே வாழ்ந்த இருளர், முடுகர், குறும்பர் பெயர்கள் பழைய வரிக்கணக்கில் அரிது.

சித்தூர்

மலபாருக்கும் கோயம்புத்தூருக்கும் நடுவே தீவுபோல் கிடந்த கொச்சி அரசின் தாலுகா இது. கொச்சியின் பழைய வரிக்கணக்குகளுக்கு இரண்டு பெயர்கள் உண்டு: கேட்டெழுத்து, கண்டெழுத்து. முதலாவது, நிலம் வைத்திருப்பவர் சொல்லக் கேட்டு எழுதியது. இரண்டாவது, அலுவலர் வயலுக்கே போய்க் கண்டு எழுதியது. வருவாய்த்துறைச் சொற்களில் இவ்வளவு நேர்மையான பெயர்கள் வேறு இருப்பதாகத் தெரியவில்லை. 1905 அறிவிப்பையடுத்து நடந்த செட்டில்மென்டில் இவற்றின் இடத்துக்கு நவீன அளவை எண்கள் வந்தன. 1949இல் கொச்சியும் திருவிதாங்கூரும் இணைந்தன. 1957இல் சித்தூர் பாலக்காடு மாவட்டத்தில் சேர்ந்தது.

இடுக்கி மலைகள்

1816 முதல் ஆங்கிலேய அளவையாளர்களான வார்டும் கானரும் நடத்திய அளவைக்கு முன் இம்மலைகள் பற்றிய வருவாய்ப் பதிவு மிகக் குறைவு. மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்னும் அஞ்சுநாட்டு ஊர்களில் தமிழர் வெகுகாலமாக நெல் பயிரிட்டு வந்தனர்.

1877 ஜூலை 11 அன்று பூஞ்சாறு அரசர், ஜான் டேனியல் மன்றோவுக்குக் கண்ணன் தேவன் மலைகளை எழுதிக் கொடுத்தார். முன்பணம் 5,000 ரூபாய், ஆண்டுக்கு 3,000 ரூபாய். அஞ்சுநாட்டுத் தலைவர் ஒருவரின் பெயரே மலைக்கு வந்தது என்பர். திருவிதாங்கூர் அரசு இதைப் பின்னர் ஏற்றுக்கொண்டது. பூஞ்சாறு அரசருக்கு அந்த நிலத்தைக் கொடுக்கும் உரிமை எந்த அளவுக்கு இருந்தது என்பது வழக்காடப்பட்டு வந்துள்ள பொருள். 1971ஆம் ஆண்டுச் சட்டம் இந்த நிலத்தை அரசுக்கு மீட்டது. 1972இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றது. சுமார் 1,37,000 ஏக்கரில், தேயிலைக்கும் அதன் துணைத் தேவைகளுக்குமாக 57,000 ஏக்கருக்கும் மேல் 1974இல் நிலத்தை வைத்திருந்த தேயிலைக் கம்பெனிக்கே விடப்பட்டது. அந்தத் தோட்டங்களில் மூன்று, நான்கு தலைமுறையாக லயங்களில் குடியிருப்பவர்களுக்கு அங்கே தண்டப்பேர் கிடையாது. நிலம் கம்பெனிக் கணக்கில் இருப்பதால் அவர்கள் பெயர் வருவதற்கு இடமில்லை.

ஏலமலைக் காடுகள் பற்றிய தகராறு ஓர் எண்ணைச் சுற்றியது. 1897 ஆகஸ்டு அறிவிப்பில் காப்புக்காடாகச் சொல்லப்பட்டது 15,720 ஏக்கர் என்பது அரசும் விவசாயிகளும் சொல்வது. 2,15,720 ஏக்கர் என்பது எதிர்த்தரப்பு சொல்வது. முன்னால் ஒரு 2 இருந்ததா, இல்லையா? அங்கே நிலம் வருவாய்த்துறைப் பொறுப்பு, மரம் வனத்துறைப் பொறுப்பு என்பது நடைமுறை. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் உள்ளது. 2024 அக்டோபரில் புதிய பட்டயம் கொடுக்க இடைக்காலத் தடை விதிக்கப்பட்டது.

அடிப்படை வரி, 1946–1961

இந்தப் பதினைந்து ஆண்டுகளுக்குத்தான் ஆவணங்கள் செழிப்பாக உள்ளன. அதுவரை திருவிதாங்கூரில் மண்ணின் தரம் பார்த்து வரி விதித்தனர். கொல்லம் ஆண்டு 1121 (1946) அறிவிப்பு தரவேறுபாட்டை எடுத்துவிட்டு, ஏக்கருக்கு 14 சக்கரம் என்று ஒரே அடிப்படை வரியை வைத்தது. 28 சக்கரம் ஒரு சர்க்கார் ரூபாய். ஆகவே ஏக்கருக்கு அரை ரூபாய். குறைந்த வருவாயை ஈடுகட்ட விவசாய வருமான வரி வந்தது. திவானாக இருந்தவர் சர் சி.பி. ராமசாமி ஐயர். இன்றும் வில்லேஜ் ஆபீஸின் முதன்மைப் பதிவேட்டுக்கு 'அடிஸ்தான நிகுதி ரிஜிஸ்டர்', அதாவது அடிப்படை வரிப் பதிவேடு என்றே பெயர்.

1955இல் திருவிதாங்கூர்-கொச்சி நிலவரிச் சட்டம் இதை ஏக்கருக்கு 2 ரூபாய் ஆக்கியது. மாநிலம் உருவான பின், 1957 திருத்தத்தால் அது மலபாருக்கும் நீண்டது. அங்கேதான் இடித்தது. மண்ணார்க்காட்டு ஜன்மியான குன்னத்தாட்டுத் தாத்துண்ணி மூப்பில் நாயருக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் காடு இருந்தது. காட்டிலிருந்து அவருக்கு ஆண்டில் கிடைத்தது 3,100 ரூபாய். கேட்கப்பட்ட வரி 54,000 ரூபாய். அந்தக் காடு அளக்கப்படவே இல்லை. அளக்காத நிலத்துக்குத் தற்காலிகமாக வரி விதிக்கலாம் என்று சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. எப்போது அளந்து முடிப்பது என்பதற்குக் கெடு இல்லை. நோட்டீஸ் கொடுப்பதற்கோ ஆட்சேபம் கேட்பதற்கோ வழியும் இல்லை.

1960 டிசம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி பி.பி. சின்ஹா தலைமையிலான அமர்வு பெரும்பான்மைத் தீர்ப்பால் சட்டத்தை ரத்துச் செய்தது. விளையும் நிலத்துக்கும் விளையாத நிலத்துக்கும் ஒரே வரி என்பது சமத்துவம் அல்ல என்பது அதன் சாரம். நீதிபதி சர்க்கார் உடன்படவில்லை: நிலத்தின் மீது பரப்பளவுப்படி வரி போட அரசுக்கு உரிமை உண்டு, வருமானம் பார்க்க வேண்டியதில்லை என்றார். வரிச்சட்டமும் சமத்துவ உரிமைக்குக் கட்டுப்பட்டதே என்பதற்கு இந்திய நீதிமன்றங்கள் இன்றும் இந்த வழக்கை மேற்கோள் காட்டுகின்றன. சைலன்ட் வேலி அடிவாரத்து ஊரிலிருந்து போன ஒரு வரிப் பாக்கி இது என்பது அந்தத் தீர்ப்பைப் படிப்பவர்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? 1961இல் கேரள நிலவரிச் சட்டம் (13ஆம் சட்டம்) வந்தது. 1964இல் அது அரசியல் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அந்தச் சட்டமே, பலமுறை திருத்தப்பட்டு, இன்றும் நடப்பில் உள்ளது.

கட்டட வரிக்கும் இதே கதி நேர்ந்தது. தரைப்பரப்பை மட்டும் பார்த்து வரி போட்ட 1961ஆம் ஆண்டுக் கட்டட வரிச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1968இல் செல்லாதென்றது. 1975இல் புதுச் சட்டம் வந்தது. அதன்படி வருவாய்த்துறைக்கு ஒரே தடவை கட்டும் வரி வேறு, பஞ்சாயத்துக்கு ஆண்டுதோறும் கட்டும் வரி வேறு. இரண்டு ரசீதும் இரண்டு அலுவலகத்தில் கிடைக்கும்.

எல்லைப் பிரிப்பும் குடியேற்றமும்

1951 குடிமதிப்பில் தேவிகுளம் தாலுகாவில் தமிழர் பெரும்பான்மை. தேவிகுளம், பீர்மேடு தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1955இல் மாநிலச் சீரமைப்பு ஆணையம் இரண்டையும் கேரளத்துக்கே பரிந்துரைத்தது. திருவிதாங்கூர்-கொச்சி முதலமைச்சர் பட்டம் தாணுபிள்ளையின் காலத்தில் தொடங்கிய மலைக்குடியேற்றத் திட்டம் உணவுப் பஞ்சத்தைத் தீர்க்கவே என்பது ஒரு கூற்று. குடிமதிப்பை மாற்றவே என்பது மற்றொன்று. நெடுங்கண்டம் பக்கத்துப் பட்டம் காலனி அக்காலத்தின் நேரடிச் சின்னம். 1972 ஜனவரி 26 அன்று இடுக்கி மாவட்டம் பிறந்தது.

பிற்காலம்

1966 முதல் மறு அளவை நடந்து வருகிறது. அது நடந்த ஊர்களில் ஏக்கரும் சென்டும் போய் ஹெக்டேரும் ஆரும் வந்தன. ஓர் ஆர் சுமார் 2.47 சென்ட். தேவிகுளத்தில் 1999இல் வழங்கிய 530 பட்டயங்களை ரத்துச் செய்ய 2022 ஜனவரியில் அரசு உத்தரவிட்டது. வட்டவடை, கொட்டக்காம்பூர்ப் பகுதியில் 2006இல் அறிவித்த குறிஞ்சிமலைச் சரணாலயத்துக்குள் வரும் தனியார் தண்டப்பேர்கள் பற்றிய விசாரணை நீண்டது. 2022 நவம்பரில் டிஜிட்டல் மறு அளவை தொடங்கியது. 2025 பட்ஜெட்டில் அடிப்படை வரி 50 விழுக்காடு உயர்ந்தது.

தேடும் முறை

இன்றைய கரம் ரசீதில் வில்லேஜ், பிளாக் எண், மறு அளவை எண், தண்டப்பேர் எண், பரப்பு, கட்டிய தொகை ஆகியவை இருக்கும். இவற்றில் தண்டப்பேர் எண்ணும் அளவை எண்ணும் இருந்தால் வில்லேஜ் ஆபீஸில் அடிப்படை வரிப் பதிவேட்டைப் பிடித்துவிடலாம். பழைய பத்திரத்தில் பழைய அளவை எண் மட்டும் இருந்தால், முதலில் அதற்கு ஈடான மறு அளவை எண்ணைக் கேட்க வேண்டும். மலபார்க் காலத்துக் கோப்புகளுக்குக் கோழிக்கோடு, கொச்சிக் காலத்துக்கு எறணாகுளம், திருவிதாங்கூருக்குத் திருவனந்தபுரம் ஆவணக் காப்பகங்களை நாட வேண்டும். மதராஸ் மாகாணத்து மேலதிகக் கடிதங்கள் சென்னை எழும்பூரில் உள்ளன. மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவித்த இடங்களில் தமிழிலேயே மனுக் கொடுக்கவும் தமிழில் பதில் பெறவும் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. பலர் இதைப் பயன்படுத்துவதில்லை, பயன்படுத்த வேண்டும்.

கரம் ரசீது உரிமைக்கு முடிவான சான்று அல்ல என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியுள்ளன. போக்குவரவு விதிகளும் (1966) பெயர் மாற்றத்தால் யாருடைய சட்ட உரிமையும் மாறாது என்கின்றன. இருந்தும் வில்லேஜ் ஆபீஸ் கரம் வாங்க மறுத்தால் வங்கிக் கடன் நிற்கும், விற்பனை நிற்கும்.

பழைய ரசீதைக் கையில் எடுத்தால் ஆண்டை முதலில் பார்க்கவும். பாலக்காட்டு ரசீதில் பசலி 1355 என்றும் சித்தூர் ரசீதில் கொல்லம் 1121 என்றும் இருக்கலாம். இரண்டும் 1945–46ஐயே குறிக்கும்.