பிரிசிஷன் பேஸ்

லியோ ஃபெண்டர் வடிவமைத்து, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1951இல் வெளிவந்த நான்கு தந்தி மின்சார பேஸ் கிட்டார். பேரளவில் தயாரிக்கப்பட்டுப் பரவலாக வெற்றிபெற்ற முதல் பேஸ் கிட்டார் இதுவே.

தோற்றம்: அதுவரை மேடைக் குழுக்களில் கீழ்ச்சுரங்களைத் தந்தது ஆளுயர டபுள் பேஸ். ஊர் ஊராகச் சென்று வாசிப்போருக்கு அது பெருஞ்சுமை. டிரம்ஸ், டிரம்பெட் முழக்கத்தில் அதன் ஒலி அமிழ்ந்துபோனது. தோளில் மாட்டி, ஆம்ப்ளிஃபையரில் இணைத்து வாசிக்கும் புதிய கருவி இவ்விரு குறைகளையும் தீர்த்தது. கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃபிரெட்டுகள் சுருதி பிசகாமல் காத்தன.

அமைப்பு: அதிரும் தந்தியின் நீளம் 34 அங்குலம். தந்திகள் ஈ, ஏ, டி, ஜி எனச் சுருதி சேர்க்கப்படும். இது கிட்டாரின் கீழ் நான்கு தந்திகளைவிட ஒரு ஸ்தாயி கீழே. தந்தி அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப், 1957இல் இரண்டாகப் பிளந்த வடிவில் வந்து இரைச்சலைக் குறைத்தது.

வாசித்தோர்: லயோனல் ஹாம்ப்டனின் ஜாஸ் குழுவில் மங்க் மான்ட்கோமரி இதைத் தொடக்கத்திலேயே மேடையேற்றினார். மோட்டவுன் இசை நிறுவனத்தின் பதிவுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் இதன் அழகை நிலைநாட்டினார்.

தேர்வு: 1960இல் வந்த ஃபெண்டரின் மற்றொரு பேஸ் கிட்டாரான ஜாஸ் பேஸுக்கு ஒடுங்கிய கழுத்தும் இரண்டு பிக்கப்பும் உண்டு; அது நுணுக்கமான விரல்வேலைக்கு ஏற்றது. டிரம்ஸோடு இணைந்து குழுவின் தாளத்தைத் தாங்க, திரண்ட ஒலியுடைய பிரிசிஷன் பேஸே இன்றும் நம்பகமான தேர்வு.