மல்லவியின் கொப்பரை

நாம் சீனி என்று வழங்கும் சொல்லில் சீன நாட்டின் பெயர் தங்கியிருக்கிறது. வடநாட்டார் கற்கண்டை ‘மிஸ்ரி’ என்பர். மிஸ்ர் என்பது எகிப்துக்கு அறபியர் இட்ட பெயர். பண்டத்தின் மீது நாட்டின் பெயரே ஏறிவிடும் அளவுக்கு அந்நாடு சர்க்கரைத் தொழிலில் சிறந்திருந்தது. அத்தொழிலின் வரலாற்றைக் கரும்பைக் கொண்டு சொல்வோர் பலர். கொப்பரைக்கு அடியில் எரிந்த நெருப்பைக் கொண்டு அதனைச் சற்றே நோக்குவோம்.

ஹிஜ்ரி 726, அதாவது கி.பி. 1326-இல், மேல் எகிப்து வழியே சென்ற இப்னு பதூதா மல்லவி என்னும் சிற்றூரைக் கண்டார். அங்கே 11 கரும்பாலைகள் இருந்தன என்று தம் ‘ரிஹ்லா’வில் எழுதுகிறார். அவ்வூரார் வழக்கம் ஒன்றையும் குறித்து வைத்துள்ளார். ஏழை ஒருவன் ஆலைக்குள் நுழைவதை அவர்கள் தடுப்பதில்லை. அவன் சூடான ரொட்டியோடு வருவான். கொதிக்கும் கொப்பரையில் அதனை இடுவான். பாகில் ஊறியதும் எடுத்துக்கொண்டு போவான்.

அந்நாளைய ஆலையின் இயக்கத்தை, ஹிஜ்ரி 733-இல் (கி.பி. 1333) மறைந்த நுவைரீ, ‘நிஹாயத்துல் அரப்’ என்னும் பெருநூலில் விரித்துரைக்கிறார். நறுக்கிய கரும்பை மாடுகள் சுழற்றும் கல் நசுக்கும். சக்கையை மீண்டும் பிழிவர். சாற்றை வடித்துக் காய்ச்சி, அடியில் துளையுள்ள கூம்பு வடிவ மண்கலங்களில் ஊற்றுவர். கழிவுப்பாகு சொட்டி இறங்க, சர்க்கரை கட்டியாய் நிற்கும்.

எகிப்து காடற்ற நாடு; விறகு அங்கே அரும்பொருள். வைக்கோல், சாணம், கரும்புச் சக்கை போன்ற வயற்கழிவுகளே அடுப்புக்குத் துணை. கல்லைச் சுழற்றிய மாடும் அந்த வயலின் தீனியையே தின்றது. ஆக, இனிப்பை ஈந்த நிலமே அதனைக் காய்ச்சும் ஆற்றலையும் ஈந்தது.

1348-இல் பரவிய கொள்ளைநோயும், சுல்தான் பர்ஸ்பாய் (1422–1438) சர்க்கரை வணிகத்தைத் தம் ஏகபோகமாக்கியதும் இத்தொழிலை நலிவித்தன. பின்னர் முஹம்மது அலீ பாஷா, 1818 அளவில், அதே மல்லவிக்கு அருகில் ரைரமூன் என்னுமிடத்தில் ஐரோப்பிய முறையில் ஒரு சர்க்கரை ஆலையை நிறுவினார்.

பெருமாற்றம் இஸ்மாயீல் பாஷாவின் ஆட்சியில் (1863–1879) வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் எகிப்தியப் பருத்தி பொன்விலை பெற்றது. 1865-இல் போர் முடிந்ததும் விலை சரிந்தது. இஸ்மாயீல் கரும்பின் பக்கம் திரும்பினார். தம் பெரும் பண்ணைகளில் நீராவி ஆலைகளை எழுப்பினார். பொறிகள் ஐரோப்பாவிலிருந்து வந்தன. பாசனத்துக்கு இப்ராஹீமிய்யாக் கால்வாய் குடிமக்களின் கட்டாய உழைப்பால் வெட்டப்பட்டது, 1873-இல் நிறைவுற்றது. நீராவிக்கு வேண்டிய நிலக்கரியோ இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தது. மாடு சுற்றிய இடத்தில் கடன் சுற்றத் தொடங்கியது!

கால்வாய்கள், இருப்புப் பாதைகள், மாளிகைகள், போர்கள் எனக் கடனுக்குக் காரணங்கள் பல; ஆலைகளும் அவற்றுள் ஒன்று. 1875-இல் சூயஸ் பங்குகள் ஏறத்தாழ 40 இலட்சம் பவுனுக்கு ஆங்கில அரசிடம் விற்கப்பட்டன. 1876-இல் நாடு கடனைச் செலுத்த இயலாது நின்றது. கணக்கேட்டைப் பார்க்க அயலார் வந்தமர்ந்தனர். 1879-இல் இஸ்மாயீல் பதவியிழந்தார். 1882-இல் ஆங்கிலப் படை வந்திறங்கியது.

இருபதாம் நூற்றாண்டிலும் மேல் எகிப்தின் ஆலைகள் கரும்புச் சக்கையைக் கொதிகலனில் எரித்தே வந்தன. ஆனால் சக்கையில் ஒரு பகுதி காகிதமாகவும் பலகையாகவும் மாறலாயிற்று. அந்த அளவுக்கு உலை எண்ணெயையும் இயற்கை வாயுவையும் நாடியது. 1980-களில் டெல்டாப் பகுதியில் பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கத் தொடங்கினர். இன்று கரும்பைவிடக் கிழங்கே மிகுதியான சர்க்கரை தருகிறது. கிழங்குக்கு நீர்த்தேவை குறைவு. நைலை நம்பி வாழும் நாட்டுக்கு அது பெரும் நன்மை. எனினும் கரும்பு தன் விறகைத் தானே சுமந்து வருகிறது. கிழங்கோ வெறுங்கையோடு வருகிறது. அதன் சக்கை மாட்டுத் தீவனமாகும், அடுப்புக்கு ஆகாது. அந்த ஆலைக்கு வேண்டிய வெப்பம் முழுவதும் வெளியிலிருந்தே வந்தாக வேண்டும்.

2015-இல் மத்தியதரைக் கடலில் ஸுஹ்ர் வாயு வயல் கண்டறியப்பட்டபோது அக்கவலை தீர்ந்ததாகத் தோன்றிற்று. ஆனால் 2021-க்குப் பின் நாட்டின் வாயு உற்பத்தி குறைந்தது. 2024-இல் எகிப்து திரவ வாயுவைக் கப்பலில் மீண்டும் தருவிக்கத் தொடங்கிற்று. அன்று நிலக்கரிக் கப்பலுக்குக் காத்திருந்த நாட்டில் இன்று வாயுக் கப்பலுக்குக் காத்திருக்கின்றனர்.

பழமைக்குத் திரும்புவோம் என்று நாம் கூறவில்லை. மாடு சுற்றும் கல் பத்துக் கோடிக்கு மேற்பட்ட மக்களுக்கு இனிப்பு வழங்க இயலாது. ஏழையின் ரொட்டி பாகில் ஊறியதற்கு முதற்காரணம் அவ்வூராரின் ஈரநெஞ்சம், இதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் ஈரநெஞ்சத்துக்கும் ஓர் இடம் வேண்டும். தன் வயலின் சக்கையை எரித்தவன் கொப்பரையின் மூடியைத் திறந்து வைக்க முடிந்தது. கடன் வாங்கிய கரியை எரித்தவனிடம் ஒவ்வொரு துளிக்கும் கணக்குக் கேட்க ஒருவன் வாயிலில் நின்றான்.

உணவை விளைவிப்பது ஒரு பாதி; அதனைச் சமைக்கும் நெருப்பு யாருடையது என்பது மறுபாதி. மல்லவியின் 11 ஆலைகளும் அடையாளமின்றி அழிந்துபோயின. அங்கே ஊறிய ஒரு ரொட்டித் துண்டு மட்டும் இப்னு பதூதாவின் ஏட்டில் ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளாக இனித்துக்கொண்டிருக்கிறது.