டார்லிங்டன்

டார்லிங்டன் இங்கிலாந்தின் வடகிழக்கில், டர்ஹாம் கவுன்டியில் அமைந்துள்ள ஒரு சந்தை நகரமாகும். டீஸ் ஆற்றின் துணையாறான ஸ்கெர்ன் இந்நகரின் ஊடாகப் பாய்கின்றது. 2021 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி டார்லிங்டன் நிர்வாகப் பகுதியின் மக்கள்தொகை ஏறத்தாழ 107,800 ஆகும். நீராவிப் பொறிகளைப் பயன்படுத்திய உலகின் முதலாவது பொதுத் தொடருந்துப் பாதை, இந்நகர வணிகர்களின் முயற்சியால் 1825 இல் உருவானது.

வரலாறு

இடைக்காலத்தில் இந்நகரம் டர்ஹாம் ஆயர்களின் ஆளுகையில் இருந்தது. சந்தைச் சதுக்கத்தை அடுத்துள்ள புனித கத்பர்ட் தேவாலயம் 12 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கப்பட்டது. இலண்டனையும் எடின்பரோவையும் இணைத்த பெரும் வடக்குச் சாலை இந்நகர் வழியாகச் சென்றமையால் வணிகம் வளர்ந்தது. கம்பளி, தோல், ஆளிநூல் ஆகியன முக்கியத் தொழில்களாக இருந்தன. ஸ்கின்னர்கேட் என்னும் தெருப்பெயர் தோல் தொழிலாளர்களைக் குறிக்கும். "கேட்" என்பது பழைய நோர்சு மொழியில் தெரு எனப் பொருள்படும். ஆளியை நூற்கும் இயந்திரத்துக்கு 1787 இல் காப்புரிமை பெற்ற ஜான் கென்ட்ரூவும் தாமஸ் போர்ட்ஹவுசும் இந்நகரைச் சேர்ந்தவர்களே.

18, 19 ஆம் நூற்றாண்டுகளில் குவேக்கர் எனப்படும் கிறித்தவப் பிரிவினர் நகரின் தொழிலிலும் வங்கித்துறையிலும் முன்னணியில் இருந்தனர். சத்தியப்பிரமாணம் செய்வதை அவர்களது சமயக் கொள்கை தடை செய்ததால், அரசுப் பதவிகளும் பல்கலைக்கழகப் பட்டங்களும் அவர்களுக்கு எட்டாதிருந்தன. எனவே பலர் வணிகத்தை நாடினர். பீஸ், பேக்ஹவுஸ் குடும்பங்கள் இவர்களுள் குறிப்பிடத்தக்கவை.

தொடருந்து

டர்ஹாமின் தென்மேற்குச் சுரங்கங்களில் இருந்து ஸ்டாக்டன் துறைமுகத்துக்கு நிலக்கரியைக் கொண்டுசெல்ல 1818 இல் ஒரு கால்வாய்த் திட்டம் முன்மொழியப்பட்டது. அக்கால்வாய் டார்லிங்டனைத் தவிர்த்துச் செல்வதாக இருந்தது. திட்டம் நிறைவேறினால் புதிய வணிகத்தில் நகருக்குப் பங்கு கிடைக்காது என்பதால், எட்வர்ட் பீஸ் உள்ளிட்ட வணிகர்கள் டார்லிங்டன் வழியாக இருப்புப்பாதை அமைக்க முன்வந்தனர். 1819 இல் நாடாளுமன்றத்தில் தோற்ற இத்திட்டம் 1821 இல் அனுமதி பெற்றது. பொறியாளராக ஜார்ஜ் ஸ்டீவன்சன் நியமிக்கப்பட்டார்.

1825 செப்டம்பர் 27 அன்று "லோகோமோஷன்" என்னும் நீராவிப் பொறி, நிலக்கரியும் பயணிகளும் நிறைந்த பெட்டிகளை ஷில்டனில் இருந்து டார்லிங்டன் வழியாக ஸ்டாக்டனுக்கு இழுத்துச் சென்றது. எனினும் தொடக்க காலத்தில் இப்பாதை இன்றைய தொடருந்துப் பாதை போல் இயங்கவில்லை. சாலையைப் போலவே, கட்டணம் செலுத்தியவர்கள் தம் வண்டிகளைக் குதிரை பூட்டி ஓட்டலாம். செங்குத்தான சரிவுகளில் நிலையாக நிறுவப்பட்ட பொறிகள் கயிற்றால் வண்டிகளை இழுத்தன. இப்பாதைக்காக ஸ்கெர்ன் ஆற்றின் மீது கட்டப்பட்ட பாலம் இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

1841 இல் யார்க்கில் இருந்து வந்த பாதை டார்லிங்டனை அடைந்தது. இது பின்னர் இலண்டன்-எடின்பரோ முதன்மைப் பாதையின் பகுதியானது. இப்பாதையில் உள்ள பேங்க் டாப் நிலையம் 1887 இல் திறக்கப்பட்டது. 1863 இல் தொடங்கிய வடக்குச் சாலைப் பணிமனை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நீராவிப் பொறிகளைக் கட்டியும் பழுதுபார்த்தும் வந்தது. நீராவிப் பொறிகளின் காலம் முடிவுற்றபோது, 1966 இல் பணிமனை மூடப்பட்டது. நகரின் முதன்மையான வேலைவாய்ப்புகளுள் ஒன்று மறைந்தது.

சந்தையும் கடைத்தெருக்களும்

தொடருந்து ஈட்டித் தந்த செல்வத்தின் அடையாளங்களைச் சந்தைப் பகுதியில் காணலாம். கட்டடக் கலைஞர் ஆல்பிரட் வாட்டர்ஹவுஸ் வடிவமைத்த மூடிய சந்தையும் மணிக்கூண்டும் 1860களில் எழுந்தன. மணிக்கூட்டுக் கோபுரம் எட்வர்ட் பீசின் மகன் ஜோசப் பீசின் நன்கொடையாகும். நாடாளுமன்றத்தில் அமர்ந்த முதல் குவேக்கர் எனக் கருதப்படும் இவருக்கு, தொடருந்தின் 50 ஆம் ஆண்டு நிறைவையொட்டி 1875 இல் ஹை ரோ தெருவில் சிலை நிறுவப்பட்டது. அதே தெருவில் பேக்ஹவுஸ் வங்கியின் கட்டடமும் உள்ளது. இவ்வங்கி 1896 இல் பார்க்ளேஸ் நிறுவனம் உருவானபோது அதனுடன் இணைந்தது.

கார்ன்மில் என்னும் கூரையிட்ட வணிக வளாகம் 1992 இல் திறக்கப்பட்டது. 2000களில் ஹை ரோ பகுதி நடந்து செல்வோருக்கு உரியதாக மாற்றப்பட்டது.

தொடருந்து மரபு

19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இருந்து 1975 வரை "லோகோமோஷன்" பொறி பேங்க் டாப் நிலையத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. பின்னர் 1842 இல் கட்டப்பட்ட வடக்குச் சாலை நிலையத்தில் அமைந்த அருங்காட்சியகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 2021 இல் அதன் உரிமையாளரான தேசிய அருங்காட்சியகம் அதனை ஷில்டனுக்கு மாற்றியது. நகர மன்றம் இதனை எதிர்த்தது.

பொறி கட்டும் கலை நகரை விட்டு முற்றிலும் நீங்கிவிடவில்லை. 1853 ஆம் ஆண்டைச் சேர்ந்த பெட்டிப் பணிமனை ஒன்றில், ஆர்வலர்கள் திரட்டிய நிதியைக் கொண்டு "டொர்னாடோ" என்னும் புதிய நீராவிப் பொறி கட்டப்பட்டு 2008 இல் நிறைவுற்றது. 1960 க்குப் பின் பிரித்தானியாவில் முதன்மைப் பாதைக்கெனக் கட்டப்பட்ட முதல் நீராவிப் பொறி இதுவாகும். வடக்குச் சாலை அருங்காட்சியகமும் அதனைச் சூழ்ந்த பழைய கட்டடங்களும் புதுப்பிக்கப்பட்டு, 2024 இல் ஹோப்டவுன் என்னும் பெயரில் திறக்கப்பட்டன. 2025 இல் பாதையின் 200 ஆம் ஆண்டு நிறைவு கொண்டாடப்பட்டது.