கேளா ஒலி காட்டிய நோய்



நம் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிற்கூடங்களில், துணியை விளக்கொளியின்மேல் ஓடவிட்டு அதிலுள்ள துளையைக் கண்டுபிடிப்பார்கள். துணியைக் கிழிக்காமலே அதன் குறை தெரிந்துவிடுகிறது. ஓயாது துடிக்கும் இதயத்தின் குறையை, மார்பைப் பிளக்காமல் அறிவது எங்ஙனம்? அவ்வரலாற்றையே இன்று கூற விழைகிறேன்.

குருதி பின்னோக்கித் திரும்பாமல் தடுக்க, இதயத்தில் நான்கு வால்வுகள் உள்ளன. குருதியில் கலந்த கிருமிகள் அவற்றில் படிந்து, கொத்தாக வளர்ந்து, வால்வை அரித்துவிடுவதுண்டு. கொத்து உடைந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதமும் நேரலாம். 1885-இல் வில்லியம் ஆஸ்லர் என்னும் மருத்துவ அறிஞர் இலண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளில் இந்நோயை விரிவாக விளக்கினார். ஆயினும் அக்கொத்தைக் கண்ணால் காண்பது பெரும்பாலும் நோயாளி இறந்த பின்னரே இயன்றது.

இந்நிலை மாற வழிகோலியது, உலோகத்தின் உள்வெடிப்பை எதிரொலியால் அறியும் ஒரு தொழிற்கருவி. 1953-இல் சுவீடனின் லுண்ட் நகரில், மருத்துவர் எட்லரும் இயற்பியலாளர் ஹெல்முத் ஹெர்ட்சும் அக்கருவியை இரவல் பெற்று, இதயத்தின் அசைவைப் பதிவு செய்தனர். வானொலிக்கு அடிப்படையான அலைகளை ஆய்வில் நிறுவிய ஹைன்ரிக் ஹெர்ட்சின் குடும்பத்தில் வந்தவரே இவர். நம் செவி நொடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேல் கேளாது. இவ்வொலியோ பல லட்சம் அதிர்வுகளை உடையது.

1973-இல் அமெரிக்க மருத்துவர்களான டில்லன், ஃபைகன்பாம் முதலியோர், வால்விலுள்ள கிருமிக் கொத்துகள் எதிரொலிப் பதிவில் தோன்றும் விதத்தை வெளியிட்டனர். பின்னர், உணவுக்குழாய் வழியே கருவியைச் செலுத்திச் சிறு கொத்துகளையும் காணும் முறை வந்தது. 1994-இல் ட்யூக் பல்கலைக்கழக மருத்துவர்கள் வகுத்த விதிகளில், குருதிச் சோதனையோடு எக்கோவும் தலையாய சான்றாயிற்று. முன்னது கிருமி எதுவெனச் சொல்லும். பின்னது அது குடிகொண்ட இடத்தைக் காட்டும்.

நம் நாட்டில் இந்நோய்க்கு இடங்கொடுப்பவற்றுள் ஒன்று, தொண்டைப் புண்ணைத் தொடரும் வாதக் காய்ச்சல். அது சிறாரின் வால்வைச் சிதைக்கிறது. சிதைந்த வால்வில் கிருமி எளிதில் தங்குகிறது. பர்மாவில் பிறந்து, 1942-இல் போரின் காரணமாகக் குடும்பத்தாருடன் கோவைக்கு வந்த மருத்துவர் பத்மாவதி, பின்னாளில் டில்லியில் இவ்விதய நோய் பற்றி அரிய ஆய்வுகள் நிகழ்த்தினார்.

தொண்டை வலியைப் பொருட்படுத்தாமல் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளை ஆசிரியப் பணியில் நான் நிரம்பக் கண்டிருக்கிறேன். அன்புடையீர், அவ்வாறு இருத்தலாகாது. வால்வுக் குறையுள்ளவர்க்குக் காய்ச்சல் நீடித்தால், கடையில் கேட்டு மருந்து விழுங்குவதும் தவறு. குருதிச் சோதனைக்கு முன் உண்ட கிருமிக்கொல்லி மருந்து, கிருமியின் அடையாளத்தை மறைத்துவிடும். எக்கோ கொத்தைக் காட்டினாலும், எக்கிருமி என்பது தெரியாமல் மருத்துவர் இடர்ப்படுவார். ஆகவே காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுவதே அறிவுடைமை.