குண்டின் அளவும் 1857ஆம் ஆண்டுப் பேரெழுச்சியும்

துப்பாக்கிக் குழலும் அதில் இடும் குண்டும் அளவொத்திருத்தல் வேண்டும் என்பது எளிய விதியாகத் தோன்றும். அவ்விதியை நிறைவேற்றப் பட்ட பாடு, 1857ஆம் ஆண்டில் இந்திய வரலாற்றையே உலுக்கிற்று.

பழைய மஸ்கட் துப்பாக்கியின் குழல் உட்புறம் வழுவழுப்பானது. குண்டு தளர்வாக இறங்கும். ஆதலின் விரைவில் கெட்டிக்கலாம். ஆயின் குறி தவறும். ரைபிள் குழலிலோ திருகுபோற் சுற்றிச் செல்லும் பள்ளங்கள் உண்டு. அவற்றைப் பற்றிச் செல்லும் குண்டு சுழன்று நேரே பாயும். ஆனால், பள்ளங்களைப் பற்றுமாறு இறுக்கமாக அமைந்த குண்டைக் குழல்வாய் வழியே இறக்குவது பெரும்பாடு.

இம்முரணைத் தீர்க்க முன்னோர் செய்த முயற்சிகளைத் தொடர்ந்து, பிரெஞ்சுப் படை அதிகாரி மினியே 1849இல் ஒரு குண்டை அமைத்தார். அது குழலினும் சற்றுச் சிறியது, அடிப்பகுதி குடைவானது. மருந்து வெடித்ததும் அவ்வடிப்பகுதி விரிந்து பள்ளங்களைப் பற்றிக்கொள்ளும்.

இதே கொள்கையில் எழுந்ததே 1853ஆம் ஆண்டு என்பீல்டு ரைபிள். குழலின் விட்டம் 0.577 அங்குலம், குண்டின் விட்டம் 0.568 அங்குலம். இடைவெளி 0.009 அங்குலமே! குண்டைச் சுற்றிய தாளும் அதனுள் அடங்க வேண்டும். சுடச்சுடக் கரி படிந்து இவ்விடைவெளி மேலும் குறையும். குண்டோ அடிவரை இறங்கி மருந்தின்மேல் அமர்தல் வேண்டும்; நடுவில் நின்றுவிட்டால் குழலே பிளக்கக்கூடும். எனவே தாளுக்குக் கொழுப்புத் தடவினர். அத்தாளுறையைப் பல்லாற் கடித்துத் திறப்பதே அந்நாளைய பயிற்சி.

எவ்விலங்கின் கொழுப்பு என்பதில் அதிகாரிகள் போதிய கவனம் செலுத்தவில்லை. பசு, பன்றி ஆகியவற்றின் கொழுப்பென்ற செய்தி பரவவே, இந்து, முஸ்லிம் சிப்பாய்கள் இருசாராரும் கொதித்தனர். 1857 ஜனவரியில், சிப்பாய்கள் தாமே விரும்பிய பொருளைத் தடவிக்கொள்ள அரசு இசைந்தது. பின்னர்க் கையாற் கிழிக்கவும் விதி செய்தது. ஆயினும் ஐயம் அகலவில்லை. ஏப்ரல் 24இல் மீரத்தில் வழங்கப்பட்டவை பழைய வகைத் தோட்டாக்களே. எனினும் 90 குதிரைப்படை வீரருள் 85 பேர் வாங்க மறுத்தனர். அவர்களுக்கு விலங்கு பூட்டிய மறுநாள், மே 10ஆம் நாள், எழுச்சி வெடித்தது.

அயோத்தி அரசை 1856இல் கவர்ந்தது முதலிய வேறு காரணங்களும் இருந்தன; தோட்டா அவற்றுக்குத் தீயிட்ட பொறி.

பின்னர்க் குண்டின் விட்டம் 0.55 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. 1860களில் ஸ்னைடர் ரைபிளுடன் உலோகத் தோட்டா வந்தபோது, குண்டு அமரும் ஆழம் தொழிற்சாலையிலேயே வரையறுக்கப்பட்டது. வீரன் கோலால் இடித்து இறக்கும் வேலை ஒழிந்தது.

அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு கூறையும் அளந்தறிந்தவர்கள், தம் படைவீரர் உள்ளத்தை அளந்தறியத் தவறினர். அத்தவற்றின் விலையை இருதரப்பினரும் உயிராற் கொடுத்தனர்.