ஆட்டிசக் குழந்தையும் பக்கத்துப் பலகைத் தோழர்களும்

பாலர் வகுப்பில் ஆட்டிசமுள்ள குழந்தைக்குச் சமூகப் பழக்கங்களைக் கற்பிப்பது பற்றி ஆராய்வோரில் பலர், பழகுதல் என்பது ஒரு குழந்தையினிடம் அமைந்தோ அமையாமலோ இருக்கும் குணம் என்றும், அது குறைந்த குழந்தையைத் தனியறையில் அமர்த்திப் பயிற்றினால் குறை நீங்கிவிடும் என்றும் கொண்டே தொடங்குகிறார்கள். இக்கொள்கை பிழைபட்டது என்பது என் அபிப்பிராயம். சம்பாஷணையும் விளையாட்டும் இருவர் நடுவே நிகழ்வன. அவை குலையும்போது ஒருவரை மட்டும் திருத்த முற்படுவது, கும்மியில் தாளம் தப்பியதற்கு ஒருத்தியின் கையை மட்டும் பிடித்துத் திருத்துவதை ஒக்கும்.

1943-இல் மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசமுள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரை, அவர்களுடைய ஏகாந்த நாட்டத்தையும், எதுவும் மாறாதிருக்க வேண்டும் என்ற தீவிர விருப்பத்தையும் நுட்பமாக விவரித்தது. பின்வந்தோரும் அத்தகைய குழந்தையையே உற்று நோக்கினார்களேயன்றி, அதனோடு விளையாடப் போன பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று விசாரித்தவர் சிலரே.

வகுப்பறையில் நிகழக்கூடியதொன்றை நினைத்துப் பார்ப்போம். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் மரக்கட்டைகளை நிறம் பார்த்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருக்கிறான். மற்றொருவன் ஓடிவந்து, நடுவிலிருந்த சிவப்புக் கட்டையை உருவி, "வா, வீடு கட்டலாம்" என்கிறான். முதற் சிறுவன் காதுகளைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். ஆசிரியை அவன் முகவாயைத் திருப்பி, "என்னைப் பார்த்துப் பேசு" என்கிறார். இம்மூவரில், பிறர் மனத்தை அறியத் தவறியவர் யார்? கண்ணோடு கண் நோக்குவது தங்களுக்கு வேதனை தருவது என்றும், நோக்கும் பிரயாசையில் காதில் விழும் சொல்லே பிடிபடாமல் போகிறது என்றும் ஆட்டிசமுள்ள பெரியவர்கள் பலர் எழுதியிருக்கவும், அந்நோக்கையே பழக்கத்தின் முதற்பாடமாக வைப்பது பெரும் அநியாயம். ஆட்டிசமுடையவரான டேமியன் மில்டன் என்னும் ஆங்கில அறிஞர், அறியாமை இரு தரப்பிலும் உள்ளது, பரஸ்பரமானது என்று 2012-இல் வாதித்தார்.

அதே ஆண்டில் கோனி கசாரியும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆராய்ச்சி இங்கு மிகவும் சிந்திக்கத்தக்கது. லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் 30 பள்ளிகளின் சாதாரண வகுப்புகளில் பயின்ற 60 ஆட்டிசக் குழந்தைகளில், சிலருக்கு நேரே பயிற்சி தந்தார்கள். சிலர் விஷயத்தில், அக்குழந்தையை அழைக்காமல், உடன் பயிலும் மூவருக்கு மட்டும், ஒதுங்கி நிற்கும் பிள்ளையை எவ்வாறு கண்டுகொள்வது, எவ்வாறு சேர்த்துக்கொள்வது என்று கற்பித்தார்கள். சிலருக்கு இரண்டும் உண்டு, சிலருக்கு ஒன்றுமில்லை. 6 வாரங்களில் 12 முறை, அவ்வளவே. தோழர்கள் பயின்ற இடங்களில், ஆட்டிசக் குழந்தையை நண்பன் என்று குறிப்பிட்டவர் தொகை கூடியது; விளையாட்டுத் திடலில் அது தனித்து நிற்பது குறைந்தது; 3 மாதங்கள் கழித்தும் அப்பயன் நிலைத்திருந்தது. பெயர் குறிப்பிடப்படுவது உள்ளார்ந்த சிநேகம் ஆகிவிடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், பாடம் எதுவும் கேளாத குழந்தையின் நிலை, அடுத்திருப்போர் கேட்ட பாடத்தால் மாறியது என்பது, குறை எங்கே இருந்தது என்ற கேள்வியைத் திரும்பக் கேட்கச் செய்கிறது.

அங்ஙனமாயின் அக்குழந்தைக்கு எதுவுமே கற்பிக்க வேண்டாமா எனின், வேண்டும். ஆனால் கற்பிப்பது அக்குழந்தைக்கே உபயோகமானதாக இருத்தல் வேண்டும். உதவி கேட்கவும், 'வேண்டாம்' எனவும் வழி தெரியாத குழந்தைக்கு 'வணக்கம்' சொல்லப் பழக்குவதில் யாருக்கு லாபம்? ஒரு சூழலைக் குழந்தைக்குச் சிறு கதையாக விளக்கும், கரோல் கிரே வகுத்த 'சமூகக் கதை' முறையும் இக்கருத்தினதே. கட்டளை வாக்கியம் ஒன்று வருமாயின், நிகழ்வதையும் அதன் காரணத்தையும் விளக்கும் வாக்கியங்கள் அதனினும் மிகுந்திருக்க வேண்டும் என்பது அவர் விதி. அதை மறந்து, கதையைக் கட்டளைப் பட்டியலாக்கிச் சுவரில் ஒட்டிவைக்கும் வழக்கம் வருந்தத்தக்கது.

மேற்சொன்ன வகுப்பில், ஓடிவந்த சிறுவனுக்கு முதலில் வரிசையின் ஓரத்தில் அமரவும், அடுத்த சிவப்புக் கட்டையை எடுத்து நீட்டவும், நீட்டியபின் பேசாமல் காத்திருக்கவும் கற்பிக்கலாம். அடுக்குகிறவன் கைக்கெட்டும் இடத்தில் 'போதும்' என்ற பட அட்டை ஒன்று இருக்கட்டும். அவன் அதைத் தொட்டவுடன் மற்றவன் எழுந்து போவது என்பது இருவருக்கும் தெரிந்த ஏற்பாடு. அவன் தொடாமல், நீட்டிய கட்டையை வாங்கி வரிசையில் வைப்பானாயின், தலை நிமிர்ந்து பார்த்தானா என்று ஆசிரியை கவனிக்க வேண்டியதில்லை.